காற்றுப் படகின் இடது பக்க ஒட்டு

பிற்பகல் இரண்டு மணி ஐம்பது நிமிடம். நேரத்தை நான் ஊகித்துச் சொல்லவில்லை. வெள்ளக் காலத்தில் மணிக்கு ஒரு முறை கொள்ளிடத்தின் அளவுப் பலகையைப் பார்த்து நீர்மட்டத்தை எழுத வேண்டும். இரண்டு மணி அளவை எழுதி முடித்து, மூன்று மணிக்காகக் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்துத் தொலைநோக்கியில் வைத்தபோது, ஆற்றின் நடுத்திட்டுக்கும் எங்கள் மரப்படகுக்கும் இடையே வந்துகொண்டிருந்த காற்றுப் படகு நடுவில் மடிந்திருந்தது. அதில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்தி நிறைமாதக் கர்ப்பிணி. மற்றவள் என் மகள் செலின்.

இதை இப்போது எழுதக் காரணம், பெரம்பலூரில் நான் வேலை பார்த்த அலுவலகத்தின் இன்றைய ஸ்டோர் கீப்பர் கலைச்செல்வி. சென்ற வாரம் வீட்டுக்கு வந்திருந்தாள். "புதுசா ஒரு காத்துப் படகு வாங்கச் சொல்லியிருக்காங்கம்மா. எது மலிவா இருக்கும், எது நல்லா இருக்கும்னு நீங்கதான் சொல்லணும்," என்றாள். அவள் கையிலிருந்த விலைப்புள்ளிகளை வாங்க என் கை நீளவில்லை. காபி போடுகிறேன் என்று உள்ளே போய்விட்டேன். அவளுக்கு அன்று வாயால் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் பிரிவின் வேலை ஆற்றில் போகும் தண்ணீரை அளப்பது. நான் அதில் ஸ்டோர் கீப்பர். பயிற்சி என்று திருச்சியில் இரண்டு மாதம். பதிவேடு எழுதவும், விலைப்புள்ளி கேட்கவும், ஆணியிலிருந்து கயிறு வரை எண்ணி வைக்கவும் கற்றுக்கொடுத்தார்கள். தண்ணீரைப் பற்றி ஒன்றும் சொல்லித்தரவில்லை. நான் வாலிகண்டபுரத்துப் பக்கம் வளர்ந்தவள். எங்களுக்குத் தண்ணீர் என்றால் கிணறு, ஏரி. படகை முதன்முதலில் தொட்டது முப்பது வயதுக்கு மேல்.

கொள்ளிடக் கரையில் எங்களுக்கு ஓர் அளவு நிலையம் இருந்தது. அங்கே ஒரு மரப்படகு. மூங்கில் பாய்மரமும் காக்கித் துணியில் தைத்த சின்னப் பாயும் உண்டு. காற்று ஒத்துழைத்தால் பாய், இல்லையென்றால் துடுப்பும் கழியும். படகோட்டி கோவிந்தன் அந்தப் பாயை மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடிப்பது போலப் பிடிப்பார். ஆற்றின் குறுக்கே குறித்த இடங்களில் படகை நிறுத்தி, சின்ன விசிறி போன்ற ஒரு கருவியைத் தண்ணீருக்குள் இறக்கி, அது எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காதில் கருவி மாட்டிக்கொண்டு எண்ணுவார்கள். சிக்கல் தண்ணீர் வடியும்போதுதான். மரப்படகு மிதக்க இரண்டடி ஆழம் வேண்டும். அது இல்லாத இடத்தில் கருவிப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஆள் இறங்கி நடக்க வேண்டும். ஒருமுறை ஓர் ஊழியர் இடுப்பு வரை புதைமணலில் இறங்கிவிட்டார். துடுப்பைக் குறுக்கே போட்டு இழுத்தார்கள். அதற்குப் பிறகுதான் உதவிப் பொறியாளர் ராமநாதன் சார், மரப்படகோடு கட்டி இழுத்துப் போக ஒரு சின்னக் காற்றுப் படகு வேண்டுமென்று எழுதினார்.

ராமநாதன் சாரைப் பற்றிச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. அவர் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. நன்றாக இருக்கிறது என்று சொல்லியும் கேட்டதில்லை. எந்தப் பொருள் வந்தாலும் கையெழுத்துப் போடுமுன் புறங்கையால் ஒருமுறை தடவிப் பார்ப்பார். பிறகு ஒரே ஒரு கேள்வி. சங்கிலி வந்தால், "அறுந்தா?" விளக்கு வந்தால், "அணைஞ்சா?" யாராவது இரண்டு நாள் லீவு கேட்டால், "மூணாம் நாளும் வரலைன்னா?" பதில் தயாராக இல்லாதவர்கள் காகிதத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு போக வேண்டும். அலுவலகத்தில் அவருக்கு முதுகுக்குப் பின்னால் 'அறுந்தா சார்' என்று பெயர்.

மூன்று விலைப்புள்ளிகள் வந்தன. ஒன்று, ரப்பர் பூசிய கான்வாஸில் செய்தது. மூன்று தனித்தனிக் காற்றறைகள், மடக்கு மரத்தரை. அதன் விலையைப் பார்த்ததும் மூடி வைத்துவிட்டேன். இரண்டாவது, ரப்பர் பூசிய கெட்டித் துணி. இரண்டு அறைகள். கனமானது, அழகில்லாதது. மூன்றாவது, மஞ்சள் நிறத்தில் வழவழவென்ற பிளாஸ்டிக் துணிப் படகு. சுற்றிலும் ஒரே வளையமாகக் காற்று, அடியில் ஒரு தரைத்துணி. விலை இரண்டாவதில் பாதிதான். மார்ச் முடிவதற்குள் செலவழிக்காவிட்டால் ஒதுக்கிய தொகை திரும்பிப் போய்விடும். குறைந்த விலையை விட்டுவிட்டு இரண்டாவதை வாங்க வேண்டுமானால் ஏன் என்று காரணம் எழுதி மேலே அனுப்ப வேண்டும். எழுதியிருக்கலாம். ஒரு பக்கம்கூட வந்திருக்காது. மூன்றாவதையே விலை ஒப்பீட்டுப் பட்டியலில் சிவப்பு மையால் அடிக்கோடிட்டுக் கொண்டுபோனேன்.

ராமநாதன் சார் படத்தைப் பார்த்தார். புறங்கையால் தடவ அங்கே காகிதம்தான் இருந்தது.

"காத்து போனா?" என்றார்.

"பம்ப் கூடவே வருது சார்," என்றேன்.

பதில் தயாராக இருந்தது. அது அவர் கேட்ட கேள்விக்கான பதில் இல்லை என்று அவருக்கும் தெரிந்திருக்கும், எனக்கும் தெரியும். ஆண்டுக் கடைசி. கையெழுத்துப் போட்டார்.

கலைச்செல்விக்கு இந்த இடத்தில் சொல்ல வேண்டியது இதுதான். விலைப்புள்ளியில் முதலில் விலையைப் பார்க்காதே. எத்தனை அறை என்று பார். ஒன்றிலிருந்து காற்று இறங்கினாலும் மற்றொன்று ஆளைத் தாங்க வேண்டும். ஒரே அறை உள்ளதை இனாமாகக் கொடுத்தாலும் வாங்காதே.

ஆனியில் கரையோரச் சீமைக் கருவேல முள் ஒன்று படகின் இடது பக்கத்தில், துடுப்பைக் கோக்கும் வளையத்துக்குப் பின்னால் குத்திவிட்டது. படகோடு வந்த சின்னப் பசைக் குழாய் எங்கள் தகரக் கூரை ஸ்டோரின் வெயிலில் காய்ந்து கல்லாகியிருந்தது. சென்னைக்கு எழுதி வரவழைக்க மூன்று வாரம். எங்கள் ஊருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். திருச்சி ரோட்டில் ஓடும் லாரிகளெல்லாம் பஞ்சராகி நிற்பது பாடாலூரில். அங்கே காசிம் பாய் கடை. எங்கள் அலுவலக லாரிக்கும் ஜீப்புக்கும் அவர்தான். படகைச் சுருட்டி ஜீப்பில் போட்டுக்கொண்டு போனேன்.

காசிம் பாய் படகை விரித்து, துணியை இரண்டு விரலால் கசக்கி, மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார்.

"என்னம்மா, கலெக்டர் வூட்டுப் புள்ளைங்க குளிக்கிற தொட்டியா?"

"படகு பாய். ஆத்துல ஆள் ஏறிப் போறது."

"ஆளா?" சிரிப்பை நிறுத்திவிட்டார். "இது ரப்பர் இல்லைம்மா. சூடு வெச்சா உருகிப் போயிடும். சொல்யூஷன் தடவி பேட்ச் போடலாம்."

"ஒட்டுமா, ஒட்டாதா? அதைச் சொல்லுங்க."

"ஒட்டும். ரப்பர்ல புடிக்கிற மாதிரி இதுல புடிக்குமா, நனைஞ்சா நிக்குமாங்கிறது அல்லாவுக்குத்தான் வெளிச்சம்."

அதற்குள் ஒரு சுண்ணாம்புக்கல் லாரி வந்து கடைமுன் நின்றது. அவர் ஒட்டுப் போட்டார். காற்றடித்து, சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தோம். ஒரு குமிழிகூட இல்லை. அவர் சொன்ன இரண்டு வாக்கியங்களும் எனக்கு நன்றாகவே கேட்டன. முதல் வாக்கியத்தை மட்டும் அலுவலகத்துக்கு எடுத்துக்கொண்டு வந்தேன். பதிவேட்டில் எழுதினேன்: 'பழுது நீக்கப்பட்டது. சோதிக்கப்பட்டது. பயன்பாட்டுக்கு உகந்தது.' கீழே என் கையெழுத்து. நனைத்து வைத்து ஒருநாள்கூடப் பார்க்கவில்லை.

அந்த வருடம் ஐப்பசியில் மேற்கே நல்ல மழை. கொள்ளிடத்தில் தண்ணீர் திறந்துவிட்டார்கள். எங்களையெல்லாம் பெரம்பலூரிலிருந்து கரைக்கு அனுப்பினார்கள். ஆற்றின் நடுத்திட்டில் சில வீடுகளும் கரும்புக் கொல்லைகளும் ஓர் ஓட்டுக் கட்டிடத்தில் பால்வாடியும் இருந்தன. அந்தப் பால்வாடியில்தான் செலின் டீச்சர். இருபத்திரண்டு வயது. வேலை கிடைத்தபோது, ஆற்றின் நடுவில் எதற்கு என்று நான் தடுத்தேன். "உங்க ஆபீஸ்தானம்மா தண்ணியை அளக்குது. வந்தா நீங்களே சொல்லிடுவீங்க," என்று சிரித்தாள்.

காலையிலேயே திட்டு ஜனங்கள் நாட்டுப் படகுகளில் கரைக்கு வந்துவிட்டார்கள். செலின் வரவில்லை. செல்லம் என்ற நிறைமாதப் பெண்ணுக்கு இடுப்புவலி கண்டிருந்தது. நெரிசலான படகில் ஏற மாட்டேன் என்று பால்வாடித் தூணைப் பிடித்துக்கொண்டாளாம். அவளை விட்டுவிட்டு வர மாட்டேன் என்று செலின் சொல்லியனுப்பியிருந்தாள். நாட்டுப் படகுகள் கீழே வேறு கிராமத்துக்குப் போய்விட்டன. உச்சிவேளையில் திட்டுக்காரர்கள் எங்கள் படகைக் கேட்டார்கள்.

பால்வாடியைச் சுற்றி மூழ்கிய கரும்பும், வரப்பும், தண்ணீருக்கடியில் முள்வேலியும். மரப்படகு கிட்டே போகாது. வேலிக்கு வெளியே நங்கூரம் போட்டு, அங்கிருந்து காற்றுப் படகைக் கயிற்றில் விட்டு, அவர்களை ஏற்றி இழுத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. கரைக் கற்களின் மேல் காற்றுப் படகை விரித்து நானே நின்று காற்றடிக்க வைத்தேன். கட்டைவிரலால் அழுத்தினால் இறங்கவில்லை. லாரி டயர் மாதிரி தட்டினேன், ணங் என்றது.

"கல்லு மாதிரி இருக்குண்ணே," என்றேன் கோவிந்தனிடம்.

"கல்லா இருந்தா முழுகிடுமேம்மா," என்றார் அவர். அதைக் கேட்டு நான் சிரித்தேன். அன்று நான் சிரித்தது அது ஒருமுறைதான்.

வெயிலில் சூடான காற்று குளிர்ந்த தண்ணீரில் சுருங்கும் என்பது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். தண்ணீரில் போட்டபின் மறுபடி அடித்திருக்க வேண்டும். டயருக்கு யாரும் அப்படிச் செய்வதில்லை. எங்களுக்கும் தோன்றவில்லை.

வாடைக்காற்று சாதகமாக இருந்தது. கோவிந்தனும் துடுப்பு போடும் ஆளும் பாய் விரித்து, கால்மணி நேரத்தில் திட்டை எட்டிவிட்டார்கள். எதிர்க்கரை அளவுப் பலகையைப் படிக்க வைத்திருந்த தொலைநோக்கி என் கையில். காற்றுப் படகு கயிற்றில் மிதந்து போனது. செலின் அதைப் பிடித்துப் பால்வாடித் திண்ணையோரம் அணைத்து, செல்லத்தை மெதுவாக உட்காரவைத்து, தானும் மண்டியிட்டு ஏறியதைப் பார்த்தேன். கோவிந்தன் இழுக்கத் தொடங்கினார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். மறுபடி தொலைநோக்கியில் பார்த்தபோது படகு மடிந்திருந்தது.

குளிரில் சுருங்கியிருக்கிறது என்றுதான் முதலில் என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். பிறகு இடது பக்கம் கண்ணில் பட்டது. மஞ்சள் வளையத்தில், துடுப்பு வளையத்துக்குப் பின்னால், அந்தக் கறுப்பு ஒட்டு இலை போல ஓரம் கிளம்பி ஆடியது. செலின் ஒரு கையை அதன்மேல் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

ராமநாதன் சார் அளவுப் பலகையருகே நின்றிருந்தார்.

"சார்."

"என்னம்மா?"

"அந்தப் படகுல ஆனி மாசம் போட்ட ஒட்டு நிக்காது சார்."

"நிக்கும்னுதானே எழுதியிருக்கீங்க?"

"எழுதினேன் சார். நனைஞ்சா நிக்குமான்னு தெரியாதுன்னு ஒட்டினவரு சொன்னாரு. அதை நான் எழுதலை."

அவர் என் முகத்தை ஒரு நொடி பார்த்தார். அந்த ஒரு நொடியை இன்னும் என்னால் கடக்க முடியவில்லை.

"எந்தப் பக்கம்?"

"இடது பக்கம் சார். துடுப்பு வளையத்துக்குப் பின்னாடி."

சிவப்புக் கொடியை எடுத்து வட்டமாகச் சுழற்றினார். அளவெடுக்கும்போது படகுக்குக் கொடியால்தான் சேதி சொல்வோம். வட்டமாகச் சுழற்றினால், எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கயிற்றை இழு என்று பொருள். கோவிந்தன் பார்த்துவிட்டார். இருவரும் இழுத்தார்கள். வேகமாக இழுக்க இழுக்கப் படகின் முன்பக்கம் தண்ணீருக்குள் குனிந்தது. தொலைநோக்கிக்குள் வானமும் தண்ணீரும் மாறி மாறி வந்தன. சார் அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். அளவுப் பலகையைப் படிக்கும் அதே குரலில் சொல்லிக்கொண்டே வந்தார்.

"காத்து போயிடுச்சு. ரெண்டு பேரும் தண்ணியில இருக்காங்க. கயிறு இருக்கு. கயிறு உங்க பொண்ணு கையில இருக்கு."

"செல்லம் சார்?"

"தலை தெரியுது. அவ முடியை உங்க பொண்ணு புடிச்சிருக்கா." தொலைநோக்கியைத் திருகினார். "வேலியில மாட்டிக்கிச்சு போல. கயிறு நகரலை."

நான் கரையிலிருந்து இறங்கப் போனேன். அவர் திரும்பாமலே சொன்னார்: "மூணு மணி ஆச்சு. அளவு எழுதுங்கம்மா."

"சார், என் பொண்ணு சார்."

"தெரியும்மா. எழுதுங்க. நீங்க இறங்கினா நான் உங்களைப் பாக்கணும். அவங்களைப் பாக்க ஆள் இருக்காது."

பலகையைப் படித்தேன். எழுதினேன். அந்தப் பதிவேடு இன்னும் அலுவலகத்தில் இருக்கும். மூன்று மணி வரியில் இருக்கும் எண் சரிதான். கையெழுத்துதான் என்னுடையது போல இருக்காது. வாய் மாதாவே மாதாவே என்று சொல்லிக்கொண்டிருந்தது. அதற்கு மேல் செபம் ஒன்றும் வரவில்லை.

"கோவிந்தன் பாய்மரத்தைப் புடுங்கறான்," என்றார் சார்.

பாயை அறுத்துத் தள்ளிவிட்டு, அந்த முழு மூங்கிலையும் பிடுங்கித் தண்ணீரில் கயிற்றோரமாகத் தள்ளியிருக்கிறார் கோவிந்தன். மூங்கில் மிதக்கும். முள்ளில் மாட்டாமல் மேலேயே போகும். தானும் குதித்து, அதன் நுனியைப் பிடித்துக்கொண்டு நீந்தியிருக்கிறார். எனக்குத் தெரிந்ததெல்லாம் சார் குரலில் வந்ததுதான்.

"மூங்கிலைப் புடிச்சிட்டா."

"யாரு சார்? யாரு புடிச்சா?"

"ஒருத்தி." தொலைநோக்கியைக் கண்ணோடு இன்னும் அழுத்தினார். "ரெண்டு பேரும்."

எல்லோரும் படகில் ஏறியதைச் சொல்லிவிட்டு அவர் தொலைநோக்கியை இறக்கினார். அவர் கண்ணைச் சுற்றி அதன் வட்டம் சிவப்பாகப் பதிந்திருந்தது. பாய் இல்லை, காற்று எதிர்க்காற்று. துடுப்பிலேயே திரும்ப ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று. செல்லம் படகில் படுத்தே கிடந்தாள். உயிரோடு இருக்கிறாளா என்று கரையிலிருந்து தெரியவில்லை. நான்கு மணி அளவையும் நானே எழுதினேன்.

படகு கரையைத் தொட்டதும் செலின் என்னைப் பார்த்தாள். கட்டிப்பிடிக்கவில்லை. "அம்மா, இவளுக்கு ஒரு காஞ்ச சேலை குடுங்க, சீக்கிரம்," என்றாள். அவளுடைய வலது உள்ளங்கையில் கயிறு தோலை உரித்திருந்தது. இடது உள்ளங்கையில் அந்தக் கறுப்பு ஒட்டு அப்படியே பிடித்துக்கொண்டிருந்தது. பிளாஸ்டிக்கில் பிடிக்காத சொல்யூஷன் என் மகள் தோலில் பிடித்திருந்தது.

செல்லத்தை ஜீப்பில் அரியலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மறுநாள் காலையில் பெண் குழந்தை பிறந்தது. எடை குறைவு, ஆனால் அழுதது. செலினுக்கு அடுத்த கட்டிலில் காய்ச்சல். ஆற்றுத் தண்ணீர் நெஞ்சுக்குள் போயிருக்கிறது, மூன்று நாள் போகட்டும், அப்புறம்தான் எதுவும் சொல்ல முடியும் என்றார் டாக்டர். அந்த மூன்று நாளும் அவள் மார்பு ஏறி இறங்குவதை எண்ணிக்கொண்டிருந்தேன்.

ராமநாதன் சார் இரண்டாம் நாள் வந்தார். வழக்கமான கேள்வி எதுவும் கேட்கவில்லை. குறைந்த விலைக்கு ஒப்புதல் தந்தது தான்தான் என்று அறிக்கையில் எழுதியிருப்பதாகச் சொன்னார். நான் என் அறிக்கையைக் கொடுத்தேன். காசிம் பாய் சொன்ன இரண்டாவது வாக்கியத்தை அதில் முழுமையாக எழுதியிருந்தேன். எனக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை வந்தது. குறைவான தண்டனைதான். அதற்குப் பிறகும் சில வருடங்கள் வேலை பார்த்தேன். எந்தப் பொருளுக்கும் 'உகந்தது' என்று எழுதும்போது பேனா நின்றுவிடும். கடைசியில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டேன். செலினுக்குக் கல்யாணமாகிவிட்டது. நன்றாக இருக்கிறாள். மழைக்காலத்தில் அவள் ஒரு வாரம் கடிதம் போடாவிட்டால் நான் பஸ் ஏறிப் போய் அவள் வாசலில் நிற்பேன். அவள் திட்டுவாள். மறுவருடமும் போவேன்.

கலைச்செல்வி, வாங்கும்போது படகைத் தண்ணீரில் போட்டு, மணல் மூட்டைகளை ஏற்றி, ஒரு பகல் ஓர் இரவு விட்டுப் பார். அதே துணியையும் அதே பசையையும் கூடவே கேட்டு வாங்கு, வெயில் படாமல் வை. முக்கியமாக, உனக்கு யார் எதைச் சொன்னாலும், நீ கேட்க விரும்பாத பாதியையும் எழுதி வை.

அந்த மூன்றாம் நாள் செலினுக்குக் காய்ச்சல் இறங்கிய பிறகு, ஆஸ்பத்திரி வாசலில் ஒரு சுண்ணாம்புக்கல் லாரி நின்றது. அதிலிருந்து காசிம் பாய் இறங்கி வந்தார். லாரிக்காரர்கள் மூலம் பாடாலூருக்குச் சேதி போயிருந்தது. கை கழுவிவிட்டு வந்திருந்தும் நகங்களில் கறுப்பு இருந்தது. கட்டிலருகே வராமல் வார்டு வாசலிலேயே நின்று செலினைப் பார்த்தார். அவள் கையில் போட்டிருந்த கட்டைப் பார்த்தார்.

நான் எழுந்து போனேன். "நீங்க அன்னைக்கே சொன்னீங்க பாய்," என்றேன்.

"சொன்னேன்தாம்மா," என்றார். "சொல்லிட்டு, நீங்க அதை மனசுல வாங்கினீங்களான்னு பாக்காம, அடுத்த லாரிக்குப் போயிட்டேன்."